பிசின் பூச்சு

வெயில் கொடுமையான பிறகு, மின்கம்பம் ஏறும் ஆட்களின் உடம்பில் பிசின் பூசுவது வழக்கமாகிவிட்டது. கம்பிக்குப் பூசும் அதே பிசின்தான். சூடும் ஏறாது, மின்சாரமும் ஏறாது. என் கணவர் மாசிலாமணி அந்தப் பூச்சோடுதான் பல கோடைகள் வேலை செய்தார். போன சித்திரையில் மாரடைப்பில் போய்விட்டார்.

மின்மயானத்தில் இரண்டாம் முறையும் உலையைத் திறந்து பார்த்த ஊழியர் தலையைச் சொறிந்தார்.

"துணி எரிஞ்சிடுச்சு, மாலை எரிஞ்சிடுச்சு. அவரு மட்டும் அப்டியே இருக்காருக்கா."

"அண்ணன் என்னிக்கு யார் பேச்ச கேட்டாரு?" என்று சிரிக்கப் பார்த்து அழுதான் கொழுந்தன்.

"பேசாம பொதச்சிடுங்களேன்" என்றார் ஊழியர்.

"மண்ணுலயும் மக்காதுங்க அது" என்றான் கொழுந்தன்.

கம்பெனிக்குப் போன் செய்தோம். பூச்சை உரிக்கும் மருந்து உயிருள்ள தோலில்தான் வேலை செய்யுமாம்.

நான் அவர் நெற்றியைத் தொட்டேன். உலையிலிருந்து வந்தும் சில்லென்றிருந்தது.

வாசலில் அடுத்த உடலோடு காத்திருந்த ஓர் அம்மாள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "உங்களுது முடிஞ்சிடுச்சாம்மா?"

தலையை ஆட்டினேன். ஆமென்றா இல்லையென்றா என்று எனக்கே தெரியவில்லை.