பொய்த் தோட்டா

டெல்மர் அந்தத் தோட்டாவை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான், சோற்றில் கிடந்த முடியைத் தூக்குவது போல.

"குதிரை ஒசரம் நிக்கிற எல்க்க இத வெச்சா அடிக்கப் போற, மாப்ளே? இல்ல, அதுக்குக் காது குத்தப் போறியா?"

டிரக்கின் பின்பலகையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த வெர்னுக்குச் சிரிப்பில் புரையேறியது. வேட்டை முகாமில் டெல்மரின் பழைய கூட்டாளி அவன். அவன் கண்ணில் பட்டது பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் போய்விடும்.

மருமகன் நோலன் தோட்டாவை வாங்கிப் பெட்டியில் வைத்தான். அவனுக்குச் சின்ன மானுக்கும் அதுதான், எல்க் என்கிற அந்தப் பெரிய காட்டுமானுக்கும் அதுதான். எவ்வளவு பெரிசு என்பதைவிட எங்கே படுகிறது என்பதுதான் முக்கியம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கிறான். அப்படிப் பேசுகிறவர்களை டெல்மருக்கு அறவே ஆகாது. அதுவும் மகளைக் கட்டிக்கொண்டு போனவன் பேசினால் கேட்கவே வேண்டாம்.

போன பருவத்தில் இருவரும் ஒரே ஆண் எல்க்கைச் சுட்டார்கள். அது காயத்தோடு ஓடிக் காட்டுக்குள் மறைந்தது. எங்கே செத்துக் கிடந்தது என்பதைக் கடைசியில் அண்டங்காக்கைகள்தான் காட்டிக்கொடுத்தன.

அடிபட்ட மிருகத்தைத் தொலைத்தவன் என்ற பெயர், மொன்டானாவின் அந்த மலையடிவாரத்தில், திருடன் என்ற பெயரைவிடக் கேவலம். மானுக்கான தோட்டாவை எல்க் மேல் விட்டால் இப்படித்தான் ஆகும் என்று டெல்மர் போகிற இடமெல்லாம் சொன்னான். நோலன் மறுக்கவில்லை. மறுக்கக்கூடத் துப்பில்லாத ஜென்மம் என்று டெல்மர் அதையும் சேர்த்துச் சொன்னான்.

இந்த முறை அவன் ஒரு முடிவோடு வந்திருந்தான். தன் மேக்னம் துப்பாக்கியின் பெரிய தோட்டாவைப் பயமில்லாமல் சுடத் தெரிந்தால் மருமகன் முகாமுக்கு வரலாம். இல்லையென்றால் வீட்டில் மனைவி ஷெல்பியோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்கலாம். அதற்குத்தான் ஊருக்கு வெளியே இந்தச் சரளைக்கல் குழிக்கு இழுத்து வந்திருந்தான்.

சோதனை சுலபமானது. சுடுகிறவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மற்றவன் நிஜத் தோட்டாவையோ, மருந்தில்லாத பொய்த் தோட்டாவையோ தன் இஷ்டத்துக்குப் போட்டுத் துப்பாக்கியைக் கொடுப்பான். நிஜமானது வெடித்தால் துப்பாக்கி தோளில் உதைக்கிற உதையில் எல்லாமே குலுங்கும், பயந்தானா இல்லையா என்று தெரியாது. பொய்யானது என்றால் வெறும் 'டிக்'. உதைக்குப் பயந்தவனின் குழல் அப்போது தானாகவே கீழே குத்தும். ஒளிக்க முடியாது.

டெல்மர் முதலிலேயே பொய்த் தோட்டாவைப் போட்டு நீட்டினான்.

டிக்.

குழல் மயிரிழைகூட அசையவில்லை.

"பாத்தியா வெர்ன், பொணம் மாதிரி உக்காந்திருக்கான்," என்றான் டெல்மர்.

"அதெல்லாம் சரிப்பா. சோதன கேட்டவனும் உக்காரணுமே. நம்ம முகாம் வழக்கம் மறந்துபோச்சா?"

வெர்ன் காப்பியை வைத்துவிட்டு, குழல் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டான்.

டெல்மர் உட்கார்ந்தான். வேறு வழியில்லை.

சில வருடங்களாகவே துப்பாக்கி விசையில் விரல் பட்டதும் அவன் கண் தானாக மூடிக்கொண்டது, உடம்பு முந்திக்கொண்டு வெட்டியது. குறி தப்பியது. தோட்டாவின் மேல் பழியைப் போட்டு அதைவிடப் பெரியதை வாங்கினான். அது இன்னும் பலமாக உதைத்தது, இன்னும் மோசமாகத் தப்பியது. கடைசியில் மேக்னத்தில் வந்து நின்றிருந்தான். இது யாருக்கும் தெரியாது. இன்று ஒரே ஒரு 'டிக்' போதும், வெர்ன் மூலம் ஊருக்கே தெரிந்துவிடும்.

பொய்த் தோட்டா இப்போது நோலன் கையில் இருந்தது. அவன் முதுகைக் காட்டி நின்று, போட்டு, துப்பாக்கியை நீட்டினான்.

வெடித்தது.

மறுபடி நீட்டினான். வெடித்தது. மறுபடியும் வெடித்தது. டெல்மருக்குத் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. ஒவ்வொரு முறையும் அந்தச் சின்ன 'டிக்' சத்தத்துக்குப் பயந்து அவன் செத்துப் பிழைத்தான். அது வரவே இல்லை.

"என்னய்யா, பொய்த் தோட்டா எங்க போச்சு?" என்றான் வெர்ன்.

நோலன் தலையைச் சொறிந்தான். "போட மறந்துட்டேன்."

டெல்மருக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே வாயும் வந்தது.

"மறந்துட்டானாம்! இருக்கறதே ரெண்டு தினுசு தோட்டா, அதுல ஒண்ண மறந்துட்டான் என் மாப்ள! இவன நம்பி மலைக்குப் போனா, வரும்போது என்னையும் அங்கயே மறந்துட்டு வந்துருவான். நீ முகாமுக்கே வர வேணாம் ராசா, வீட்ல இரு!"

வெர்ன் விழுந்து விழுந்து சிரித்தபடி வண்டியைக் கிளப்பப் போனான்.

டெல்மர் பொய்த் தோட்டாவுக்காகக் கையை நீட்டினான். நோலன் சட்டைப் பையின் பட்டனைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு, அதை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தான். அவன் உடம்புச் சூட்டில் அது கதகதப்பாக இருந்தது.

பிறகு வெர்னுக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"போன வருஷமும் இப்படித்தான் கண்ண மூடுனீங்க, மாமா. இந்தத் தடவ தெறந்து சுடுங்க. பாவம், அந்த எல்க் என்ன செஞ்சுச்சு?"

அதில் கிண்டல் இல்லை. கொஞ்சம் கிண்டல் இருந்திருந்தால் டெல்மருக்கு உதவியாக இருந்திருக்கும்.

"என்னவாம் ஒன் மாப்ளைக்கு?" என்று வண்டியிலிருந்து வெர்ன் கத்தினான்.

டெல்மர் மருமகனைப் பார்த்தான். வெர்னைப் பார்த்தான்.

"மேக்னம் ரொம்ப ஒதைக்குதாம், பயமா இருக்காம்," என்றான்.

வெர்னின் சிரிப்பு குழி முழுக்கக் கேட்டது.

நோலன் வெர்ன் பக்கம் திரும்பி, ஆமாம் என்று தலையாட்டினான்.