இடது உருளை

மலைவேம்புப் பூ வாசனையோடு பாம்பாஸ் புல்வெளியின் வசந்தகால வெயில் யூத ஜெபக்கூடத்துச் சன்னலில் இறங்குகிறது. தோலில் எழுதிய வேதமான தோராச் சுருளை மறுபடி முதலிலிருந்து படிக்கத் தொடங்கும் சனிக்கிழமை இது. அதன் இரண்டு மர உருளைகளில் வலது உருளை மெலிந்திருக்கிறது. வருஷம் முழுக்கப் படிக்க வேண்டிய தோல் மொத்தமும் இடது உருளையில் பருத்திருக்கிறது. வாசிப்பு முடிந்ததும் சுருளை விரித்தபடியே உயரத் தூக்கி எல்லோருக்கும் எழுத்தைக் காட்ட வேண்டும். கீழே விழுந்தால் பார்த்தவர்கள் அத்தனை பேருக்கும் நாற்பது நாள் நோன்பு. போன வருஷம் தூக்கிய லாசரோவுக்கு இடக்கை நடுங்கிவிட்டது. அதனால்தான் இந்தக் கூடத்தில் முதல்முறையாக ஒரு பெண்ணை, அவர் மனைவி ஸுலேமாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கியும் மாறாத இடக்கைக்காரி, மாடு கறந்து உரமேறியவள்.

“போட்டுறாத தாயி, எனக்குச் சக்கரை இருக்கு,” என்கிறார் முன்வரிசை ஹைமே.

“ஒன் தொப்பைக்கு நாப்பது நாள் பத்தாதுய்யா,” என்கிறாள் ஸுலேமா. உள்ளங்கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொள்கிறாள்.

“பாதிய மேசைக்கு வெளிய இழுத்து, அமுக்கி நிமித்து,” என்று லாசரோ காதோரம் முணுமுணுக்கிறார்.

“தெரியும். தள்ளி நில்லுங்க.”

முழங்காலை மடக்கிக் கைப்பிடிகளை அமுக்குகிறாள். மரம் முனகுகிறது. சுருள் அவள் தலைக்கு மேலே எழுகிறது. தோலில் வெயில் படுகிறது, முதுகுக்குப் பின்னால் கூடமே பாட ஆரம்பிக்கிறது.

“போதும், எறக்கு ஸுலே,” என்கிறார் லாசரோ.

“இருங்க. பின்வரிசைக்காரங்க இன்னும் பாக்கல.”

வலப்பக்கம் மெல்லத் திரும்புகிறாள், பிறகு இடப்பக்கம். தாங்கிப் பிடிக்க நீட்டிய கைகளை லாசரோ மடக்கிக்கொண்டு, எல்லோரையும்போல நிமிர்ந்து எழுத்தைப் பார்க்கிறார்.