கல் ராஜா

“பொய் சொல்லாத. இதெல்லாம் நீ வரைஞ்சது இல்ல. கம்ப்யூட்டர்கிட்ட ரெண்டு வரி எழுதிக் கொடுத்து வாங்கினதுதானே?”

அண்ணி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். நாத்தனார் எதிர் நாற்காலியில் நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மாலை மணி நான்கு. ஆறு மணிக்குள் விளையாட்டை இணையத்தில் ஏற்றியாக வேண்டும். பத்தே நாளில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை உருவாக்கிக் காட்டும் ‘கேம் ஜாம்’ போட்டி அது. கதையும் வசனமும் அண்ணி, படங்கள் நாத்தனார். படத்துக்குக் கீழே வசனம் ஓடும். அங்கங்கே ஆடுபவர் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்க, கதை அதன்படி திரும்பும். படங்களைக் கையால்தான் வரைய வேண்டும் என்பது கண்டிப்பான விதி.

மதியம்தான் போட்டி நடத்துபவர்களிடமிருந்து கடிதம் வந்திருந்தது. ‘உங்கள் முன்னோட்டப் படங்கள் மீது புகார் வந்திருக்கிறது. வரைந்த தாள்களைப் படம் எடுத்து அனுப்பவும்.’

“இந்தத் தூணைப் பாரு, இந்த வளைவைப் பாரு. ஒரு கல்லு கோணலா இருக்கா? மனுஷக் கை இவ்வளவு அளவு சுத்தமா வரையுமா? உனக்கு உருண்டைக் கண்ணு வச்ச பூனையைத் தவிர வேற என்ன வரும்?”

“பழகினா வராதா அண்ணி?”

“ஒன்பது நாள்லயா? சரி, வரைஞ்ச தாளைக் காட்டு.”

“அது... காட்ட முடியாது.”

இந்த ஒன்பது நாளாகத்தான் அந்த வீட்டில் கொஞ்சம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதுவும் பொய்தானா?

வாஷிங் மெஷினுக்கும் மிக்சிக்கும் கையேடு எழுதுவது அவள் வேலை. ‘மூடியைத் திறக்கும் முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்’ என்று எழுதி எழுதியே பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. மனசிலிருந்து எழுதிய முதல் கதை இது. காட்டு நடுவே ஒரு கோட்டை. சாபத்தால் ராஜா கல்லாகிவிடுகிறான். பூட்டிய கோட்டையின் சாவி அவனுடைய கல் கைக்குள் மாட்டிக்கொள்கிறது. உள்ளே ராணி மட்டும் உயிரோடு.

கதை எங்கிருந்து வந்தது என்று நாத்தனார் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அவளுடைய அண்ணன் வெளியே வராமல் உள்ளறையில் அடைந்து ஏழு மாதம் ஆகிறது. அவன் இன்ஜினியராக இருந்து கட்டிய கட்டடத்தில் சுவர் சரிந்து ஒரு தொழிலாளி இறந்துபோனார். அவன் மேல் தவறில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். அவன் காதில் அது ஏறவே இல்லை. பெண்டாட்டி பேசப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். சாப்பாட்டுத் தட்டோடு போய்வருவது தங்கை ஒருத்திதான்.

ஆனால் நாத்தனாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. அண்ணிக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. புதன்கிழமை பயணம். பெட்டி ஏற்கெனவே தோழி வீட்டுக்குப் போய்விட்டது. யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. கதையில் மட்டும் மூன்றாவது முடிவாக எழுதி வைத்திருந்தாள். ராணி மதில் ஏறிக் குதித்து, திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறாள்.

“தாளைக் காட்ட முடியலைன்னா போட்டியிலேர்ந்து விலகிடலாம். நாலு பேர் சிரிக்க வேண்டாம்.”

“வேண்டாம் அண்ணி! கடைசிப் படம் இப்பத்தான் முடிஞ்சுது. அதை மட்டும் பாத்துட்டுச் சொல்லுங்க.”

பார்த்தாள். கோபம் தலைக்கேறியது. படத்தில் ராணி மதில் ஏறவில்லை. கோட்டைக் கதவு விரியத் திறந்திருந்தது. பூட்டில் சாவி தொங்கியது. ராணி வெளியே வெயிலில் நடந்து போய்க்கொண்டிருந்தாள். உள்ளே இருட்டில் ராஜா கல்லாகவே நின்றிருந்தான். அவனுடைய விரல்கள் மட்டும் பிரிந்திருந்தன.

“பாத்தியா? நான் எழுதினது என்ன, இதுல இருக்கறது என்ன? கதவை யாரு திறக்கச் சொன்னா?”

“மதில்லேர்ந்து குதிச்சா ராணிக்கு அடிபடுமாம். அதான்...”

“அடிபடுமாமா? கதையை ஒழுங்காப் படிச்சா இப்படி வருமா?”

“படிச்சாச்சு அண்ணி. மூணாவது முடிவை மட்டும் நாலு தடவை.”

“படிச்சுமா இப்படி?”

“படிச்சதாலதான் இப்படி. இதுக்கு மேல கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“எனக்குத் தெரியக் கூடாத சத்தியம் இந்த வீட்டுல என்ன இருக்கு? இப்பச் சொல்லு. இல்லன்னா அத்தனை படத்தையும் அழிச்சிடுவேன்.”

அண்ணியின் விரல் பொத்தான் மேல் போய் நின்றது. நாத்தனார் பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அழிச்சிடாதீங்க அண்ணி... எல்லாம் அண்ணன் வரைஞ்சது.”