சுத்தமான வேலை

“இந்த டெக்ஸ்சர் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துடுங்கண்ணே.”

எனக்குச் சுருக்கென்றது. போன வருஷம் இதே அம்மாவுக்காக நான் பார்த்துப் பார்த்துப் பூசிய சுவர் அது.

“ஏம்மா, வேலை பிடிக்கலையா?”

“வேலையில ஒரு குறையும் இல்லண்ணே.”

“பின்னே என்னம்மா? பையன் கிறுக்கி வெச்சதை மறைக்கணும், சொரசொரப்பா இருந்தாத்தான் மறுபடி கிறுக்க மாட்டான்னு நீங்கதானே சொன்னீங்க?”

“இனிமே கிறுக்க அவன் இல்லண்ணே.” சுவரை மெல்லத் தடவினாள். “அடியில அவன் கிறுக்கினது இருக்கும்ல, அதாச்சும் வேணும். அது அழியாம, பார்த்துச் சுரண்டுங்க.”

சுரண்டும் தகட்டை எடுத்தேன். சுவரில் வைக்காமல் திரும்பப் பைக்குள் போட்டேன்.

நான் வேலையில் ரொம்பச் சுத்தம். அன்றைக்கு ஒரு கோடுகூட மிச்சமில்லாமல் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத்தான் பூசியிருந்தேன்.