முட்டி இடிக்கிறது

"இதுவும் ஆகாது" என்று முட்டியைத் தேய்த்துக்கொண்டே எழுந்தார் என் வீட்டுக்காரர்.

மூன்றாவது விமானமும் போச்சு.

வெடிக் கம்பெனி நடத்துகிறவர் விமானத்தைக்கூடப் பெட்டியில் வைத்துத்தான் பார்ப்பார் என்று எனக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும். எந்த ஊருக்குச் சரக்கு போனாலும் முதலில் ஒரு மரப்பெட்டி அடித்து, சரக்கை அடுக்கி, குலுக்கிப் பார்ப்பார். உள்ளே ஆடக்கூடாது. ஆடினால் உரசும்.

இப்போது லண்டனுக்குப் போகிற சரக்கு நான்.

எங்கள் மகன் ஜெயச்சந்திரன் அங்கே இருக்கிறான். படிக்கப் போனவன் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். "இனி அவன் மூஞ்சியிலே முளிக்க மாட்டேன்" என்று அன்றைக்குச் சொன்னவர்தான் இவர். அதற்குப் பிறகு இந்த வீட்டில் மகன் பேரை நான் ஒருத்திதான் சொல்கிறேன்.

இப்போது மருமகள் மாசமாக இருக்கிறாள். அவளுக்குத் தாயில்லை. நீங்களாவது வாங்கம்மா என்று எழுதியிருந்தான்.

"நீ வேணும்னா போ. நான் வரலே" என்றார் இவர். அதோடு பேச்சு முடிந்தது.

மதுரையைத் தாண்டாதவள் நான். கூட வாங்களேன் என்று கேட்க எத்தனையோ தடவை வாயெடுத்தேன். கேட்கவில்லை. கேட்டு, அந்த வாயால் இன்னொரு தடவை இல்லையென்று சொல்லிவிட்டால், அப்பனும் மகனும் இந்தப் பிறவியில் பேசப் போவதில்லை.

முதல் வகுப்பு என்ற பேச்சையே இவரிடம் எடுக்கக்கூடாது. "சும்மா உக்காந்துட்டுப் போறதுக்கு எதுக்கு அம்புட்டுச் செலவு?" என்பார். சாதா வகுப்புதான். ஆனால் அந்தச் சாதா வகுப்பில் எது தேவலை என்று பார்ப்பதற்குள் மனுஷன் சிவகாசியை ரெண்டாக்கிவிட்டார். மெட்ராஸ் ஏஜெண்டுக்கு ட்ரங்க் கால் போட்டு, "சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடுவிலே எத்தனை அங்குலம்யா?" என்று இவர் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

ஏஜெண்ட் சொன்ன அளவுக்குத்தான் எங்கள் பெட்டி ஆசாரி ஆண்டிச்சாமி மூன்று விமானத்துக்கும் மூன்று மரச்சீட்டு அடித்துக் கொடுத்தார். சாய்மானம், கைப்பிடி, முட்டிக்கு எதிரே முன்சீட்டுக்குப் பதிலாக ஒரு பலகை. பழைய வெடிப்பெட்டிப் பலகைதான். ஒன்றின் முதுகில் 'தீ அண்டக் கூடாது' என்றிருந்தது.

நம்ம நாட்டு விமானத்தில் முட்டி இடிக்கிறதாம். இங்கிலீஷ்காரன் விமானத்தில் இடிப்பது கொஞ்சம் குறைச்சல், ஆனால் சோற்றுக்கு மோர் தரமாட்டானாம். சுவிஸ்காரன் நடுச்சாமத்தில் ஏறச் சொல்கிறானாம். தூக்கமும் கெட்டு முட்டியும் இடிபட வேண்டுமா என்றார்.

உட்காருவார். எழுந்திருப்பார். சரக்கு அடுக்கிய கிட்டங்கியை ஒரு சுற்றுச் சுற்றுவார். மறுபடியும் முதல் சீட்டில் போய் உட்காருவார். பார்த்துக்கொண்டு நின்ற எனக்குத் தலை கிறுகிறுத்தது.

சாயங்காலம் ஏஜெண்ட் கூப்பிடுவார். எந்த விமானம் என்று இன்றைக்குச் சொல்லாவிட்டால், பிரசவத்துக்கு முன்னால் இடம் கிடைக்காதாம்.

"ஏதாச்சும் ஒண்ணைச் சொல்லித் தொலைங்க. நான் நின்னுக்கிட்டேகூடப் போயிருவேன்" என்றேன்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் வேண்டுமென்றேதான் செய்கிறார். வாயால் போ என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு விமானமாகக் கழித்துக்கட்டி, கடைசியில் என்னை வீட்டோடு போட்டுவிடப் போகிறார். பெற்ற பிள்ளைமேல் இப்படியும் ஒரு வன்மமா?

வாசலில் லாரிச் சத்தம். தாயில்பட்டியிலிருந்து லோடு வந்திருந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

இத்தனை நாளில் என்னை ஒரு தடவைகூட அதில் உட்காரச் சொல்லவில்லை. போகிறவள் நானல்லவா? கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு நம்ம நாட்டு விமானத்தில் உட்கார்ந்தேன்.

முட்டி இடிக்கவில்லை.

எதிர்ப்பலகைக்கும் என் முட்டிக்கும் நடுவே ஒரு சாண் காலியாகக் கிடந்தது. அடுத்ததில் உட்கார்ந்தேன். அதற்கடுத்ததிலும். எங்கேயும் இடிக்கவில்லை.

அடப்பாவி, அத்தனையும் பொய்யா? வரட்டும், இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று வாசலைப் பார்த்தேன். லாரி பக்கத்தில் நின்றார். கிளீனர் பையனிடம் பேசுவதற்கே குனிய வேண்டியிருந்தது. எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்து வருகிற ஆள் இவர் ஒருத்தர்தான்.

பொய்யில்லை. இவர் முட்டி இடிக்கத்தான் செய்யும்.

எனக்கு மோர் குடித்தால் அன்றைக்கே சளி பிடிக்கும். மோர் இல்லாமல் சோறு இறங்காதது இவருக்கு. பஸ்ஸில் நின்றபடியே தூங்குகிறவள் நான். நடுச்சாமத்தில் எழுப்பினால் விடிய விடியக் கொட்டக்கொட்ட முழித்திருப்பது இவர். எனக்குப் பாஸ்போர்ட் எடுத்தபோது தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டார். எதுக்கு என்று கேட்டேன். கொழும்பு ஆர்டருக்கு என்றார்.

கொழும்பு ஆர்டராம்.

கூட வர்றீங்களா என்று இப்போதும் கேட்டால் இல்லையென்றுதான் சொல்வார். அதனால் நான் கேட்கவில்லை.

"ஆண்டிச்சாமி, இந்த ரெண்டு சீட்டையும் ஒட்டினாப்பிலே வச்சு ஆணி அடிங்க" என்றேன், மூலையில் பெட்டி அடித்துக்கொண்டிருந்தவரிடம்.

ஆண்டிச்சாமி என் முகத்தைப் பார்த்தார். அடித்தார்.

சத்தம் கேட்டு இவர் உள்ளே வந்தார். ஒட்டிக் கிடந்த சீட்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆண்டிச்சாமி சுத்தியலை எடுத்துக்கொண்டு மெல்ல நழுவிவிட்டார்.

ஆபீஸ் அறையில் போன் மணி அடித்தது. மெட்ராஸ்தான்.

இவர் நகரவில்லை. துண்டை எடுத்து உதறினார். திரும்பவும் தோளில் போட்டுக்கொண்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"சன்னல் பக்கம் யாருக்கு?" என்று கேட்டார்.