எதிர்ச்சுற்று

இன்றைக்கும் விழுந்து கிடந்தன.

நேற்று மாலை அவன் கயிற்றில் சுற்றிவிட்ட கொடிகள். ஒவ்வொன்றையும் நுனி முறியாமல், மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றியிருந்தான். இப்போது எல்லாம் அவிழ்ந்து, மரச்சட்டத்தின் அடியில், ஈரமண்ணில் தலைவைத்துப் படுத்திருந்தன.

குனிந்து ஒன்றைத் தூக்கினான். சொரசொரத்த தண்டு முன்கையைக் கீறிக்கொண்டு போனது.

ஹாப்ஸ் கொடி. பியரில் கசப்புக்காகப் போடுவார்களே, அந்தப் பூவைத் தருகிற கொடி. கனடாவில், ஸ்கார்பரோவில், இந்த வாடகை வீட்டின் பின்பக்கம், வேலியோரமாக அவன் மனைவி இந்துஜா வைத்தது. பக்கத்து வீட்டுப் பவளராணி அக்காவின் கணவர் கராஜில் சொந்தமாக பியர் காய்ச்சுகிறவர். அவர் கொடுத்த வேர்த்துண்டு.

ஊரிலிருந்து அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, பாகற்காயா என்று கேட்டாள்.

"ஆமா அத்தை, நல்லாக் கசக்கும்" என்றாள் இந்துஜா. ஃபோனை வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் வருஷம் பூ அவ்வளவாக வராது, அடுத்த வருஷம் பாருங்கள் என்றார்கள்.

இலையுதிர் காலத்தில் படுத்தாள். ஜனவரியில் இறந்துபோனாள்.

பனி கரைந்த இடத்தில் ஊதா நிறத்தில் முளைகள் கிளம்பின. அவன் எதிர்பார்க்கவில்லை. எதையும் எதிர்பார்க்காமல் இருக்க அப்போதுதான் பழகியிருந்தான்.

முளை கொடியாகிவிட்டது. கயிற்றில் ஏற்ற வேண்டும். விட்டால் தரையில் படர்ந்து அழுகிவிடும்.

ஏற்றினான். விழுந்தது. மறுபடியும் ஏற்றினான்.

ஃபோனில் தேடியிருந்தால் தெரிந்திருக்கும். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் தேடித் தேடி, தேடுவதே அவனுக்கு வெறுத்துப்போயிருந்தது.

போன வருஷம் இப்படி இல்லை. மாலை நேரங்களில் அவன் மாடியறையில் ஆஃபீஸ் மீட்டிங்கில் இருப்பான். திரையில் வெயில் அடிக்கிறதென்று ஜன்னலை மறைத்திருப்பான். கீழே அவள் மட்டும். முன்கையெல்லாம் சிவப்புக் கீறல்களோடு உள்ளே வருவாள். எந்தப் பூனை என்று கேட்பான். தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டே, "எல்லாம் ஏறியாச்சு" என்பாள்.

ஜூலையில் ஒருநாள் கீழே வந்து பார்த்தபோது கொடி சட்டத்தின் உச்சியில் நின்றது.

அவள் கைக்கு ஏறியது. அவன் கைக்கு இறங்குகிறது.

செடிக்குக் கை தெரியும் என்றெல்லாம் நம்புகிறவன் இல்லை. எம்.டெக் படித்தவன். இருந்தாலும் காலையில் பின்கதவைத் திறக்குமுன் தாழ்ப்பாளில் கை கொஞ்சம் நின்றது.

இதுவும் போனால், அவள் வைத்ததென்று இங்கே உயிரோடு ஒன்றுமில்லை.

"தம்பி."

வேலிக்கு மேல் பவளராணி அக்காவின் முகம். பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள் வைத்திருந்த கறிவேப்பிலைத் தொட்டி கையில்.

"என்ன, அதுக்குத் தலை பின்னி விடுறீரோ?"

"சுத்தி விடுறேன்க்கா. நிக்க மாட்டேங்குது."

"எப்பிடி நிக்கும்? அவரைக்குச் சுத்திற மாதிரியெல்லோ சுத்துறீர். இது மற்றப் பக்கம். மணிக்கூட்டு முள் ஓடுற பக்கம். ஊர்ப் பழக்கத்தில சுத்தினா இரவோட இரவாக் கழண்டுபோம்."

அவன் தன் கையைப் பார்த்தான். யோசிக்காமலே அது அவரைக்கொடிக்குச் சுற்றுகிற பக்கமாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

"உம்மட மனுசியும் இதே கூத்துத்தான். போன வருசம் கிழமைக்கணக்கா மாறிச் சுத்திப்போட்டு, என்ர மனுசன் செத்த வேரைத் தந்து ஏமாத்திப்போட்டாரெண்டு என்னோட சண்டைக்கு வந்தவ. நான் சொல்லிக்குடுத்த பிறகு ஒரே சிரிப்பு. அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா, வாழ்நாள் முழுக்க நக்கலடிப்பாரெண்டு…"

அக்கா நிறுத்திக்கொண்டார்.

தொட்டியை வேலியோரம் வைத்தார். திரும்ப எடுத்தார். அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவன் அங்கேயே நின்றான்.

கிழமைக்கணக்காக. வாரக்கணக்காக.

இதே ஈரமண். இதே போல அவிழ்ந்து கிடந்த கொடிகள். இதே இடத்தில் அவளும் குனிந்திருக்கிறாள். தூக்கிச் சுற்றியிருக்கிறாள். மறுநாள் காலையில் வந்து இப்படியே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

தலைக்கு மேலே மாடி ஜன்னலை அவன் மறைத்து வைத்திருந்திருக்கிறான்.

அன்று மாலை ஆஃபீஸ் வேலையைப் பாதியில் விட்டு இறங்கி வந்தான்.

முதல் கொடியைக் கடிகார முள் பக்கமாகச் சுற்றினான். பிடித்துக்கொண்டது. கையை எடுத்த பிறகும் கயிற்றை விடவில்லை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

இவ்வளவுதான். இவ்வளவு சுலபம்.

வெயில் வேலியைத் தாண்டிப் போயிருந்தது. அக்கா வீட்டில் எதையோ தாளிக்கிற வாசனை.

கடைசிக் கொடி மிச்சமிருந்தது.

அதன் நுனியை விரல்களில் ஏந்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

பிறகு அதை மட்டும் அவரைக்குச் சுற்றுகிற மாதிரியே சுற்றினான். நிதானமாக, நுனி முறியாமல்.

காலையில் வந்து தூக்கிவிடலாம்.