சதகுப்பைப் பாத்தி

ஆடு சதகுப்பையை மோந்து பார்த்தது.

திரும்பிப் போய்விட்டது.

பக்கத்து வீட்டு ஆடு. சுவரில் ஒட்டிய போஸ்டரை விடாது. கொடியில் காய்கிற துணியை விடாது. இன்றைக்குப் படல் திறந்து கிடந்தும், பச்சைப் பசேலென்று நிற்கிற கீரையை விட்டுவிட்டு, குப்பையில் கிடந்த வாழைச் சருகைப் போய் மென்றது.

வாசம் பிடிக்கவில்லை போல, என்று அவன் நினைத்துக்கொண்டான்.

சதகுப்பைக்கு வாசம் அதிகம்தான்.

குந்தி உட்கார்ந்து ஒரு இலையைப் புரட்டினான். இலையா அது. நூல் நூலாக, பச்சை மயிர் மாதிரி. பூச்சி அரித்த தடம் இல்லை. இன்னொன்றைப் புரட்டினான். அதிலும் இல்லை.

ஓரத்துச் செடி முற்றி, மஞ்சளாகப் பூக்குடை விரித்திருந்தது. அதில் ஒரு ஈ உட்காரவில்லை.

மண்ணைக் கிளறினான். கறுப்பு மண். விரல் சுலபமாக இறங்கியது. ஒரு மண்புழு இல்லை.

வெயில் காலம். அடியில் போயிருக்கும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. எழுந்து போனான்.



விதை போட்டபோது அவன் பெண்டாட்டி சாலம்மா மாசமாக இருந்தாள்.

பெற்றவளுக்குச் சதகுப்பைக் கீரை கொடுத்தால் பால் ஊறும். எல்லோரும் செய்வதுதான். சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். அவன்தான் வேண்டாம் என்றான். ரோஜாப் பண்ணையில் கூலி வேலை. பூவுக்கு என்னென்ன அடிக்கிறார்கள் என்று தினம் பார்க்கிறவன். கீரையை மட்டும் சும்மா விடுவார்களா.

"நம்ம வீட்டுலயே போட்டுக்கலாம்," என்றான்.

வீட்டுக்குப் பின்னால் வெறும் பாறை. கடப்பாறை போட்டால் பொறி பறக்கும். அந்தச் சமயம் பண்ணையில் பழைய பாத்திகளை உடைத்து, மண்ணை வெளியே கொட்டினார்கள். தொட்டால் மாவு மாதிரி மண். கேட்பாரில்லை. மருந்து அடிப்பது பூவுக்குத்தானே, மண்ணுக்கு என்ன என்று நினைத்தான். சாயங்காலம் சாயங்காலமாக மூட்டை கட்டித் தலையில் சுமந்து வந்தான். கழுத்து விட்டுப்போனது.

விதையை ஆழமாகப் புதைக்கவில்லை. மேலாகத் தூவி, உள்ளங்கையால் தட்டிவிட்டான்.

முளைத்தது. வளர்ந்த வேகம் அவனுக்கே ஆச்சரியம்.

பிள்ளை பிறந்தது.

பால் இல்லை.

குழந்தை கத்திக் கத்தி உதடு நீலம் பூத்தது. சாலம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். அவனே கீரையை அரிந்து, வதக்கிக் கொடுத்தான். மறுநாளும் கொடுத்தான்.

பால் வந்தது. ரவிக்கை நனைய வந்தது.



பண்ணையில் மருந்தடிக்கிறவன் திம்மராயன். முகத்துணியை இறக்கிவிட்டு வந்தான்.

"என்னாண்ணே, குட்டிப்பய என்ன சொல்றான்?"

"குடிக்கிறான், தூங்குறான். எல்லாம் கீரை பண்ற வேலை. இடுப்பு உசரம் நிக்குது, வந்து பாரு. நம்ம பாத்தி மண்ணாச்சே."

"எந்தப் பாத்தி மண்ணு?"

"வெளிய கொட்டுனாங்களே. அதான்."

திம்மராயன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

"அண்ணே, அந்தப் பாத்திக்கு வருசக்கணக்கா ஊத்துனவன் நானு. அதைத் தொட்ட கையோட சோறு திங்காதேன்னு எங்களுக்கே சொல்லியிருக்காங்க. அதுல போயா..."

இவன் கையிலிருந்த பூக்கூடையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினான். மேஸ்திரி கத்தினது காதில் விழவில்லை.



வந்ததும் பாத்தியில் இறங்கினான்.

கொத்துக் கொத்தாகப் பிடுங்கினான். சதகுப்பை வேர் நேராகக் கீழே போகும். கொட்டின மண்ணைத் தாண்டி, பாறை இடுக்குக்குள் போயிருந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

சாலம்மா பின்கதவுக்கு வந்தாள். கையில் தட்டு. பாதிச் சோறு தின்றிருந்தாள். கீரை முழுக்கத் தின்றிருந்தாள்.

"பைத்தியமா மாமா உனக்கு? பாலு நின்னுபோனா நீயா குடுப்ப?"

குழந்தையின் அந்த நீல உதடுதான் அவன் கண்ணில் நின்றது. பால் கொடுப்பதை நிறுத்தச் சொன்னால் அது. சொல்லாவிட்டால் இந்த விஷம்.

பிடுங்கிக்கொண்டே இருந்தான்.

அவள் முகம் இளகியது. யாரோ கண் வைத்துவிட்டார்கள், அதற்குத்தான் இப்படிப் பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். தட்டைக் கீழே வைத்தாள். பக்கத்தில் வந்து தோளைத் தொட்டாள்.

மிஞ்சின தாய்ப்பாலைக் கால் படாத இடமாகப் பார்த்து ஊற்றுவது இங்கே வழக்கம். அதை எறும்பு குடித்துவிட்டால் மார் வற்றிப்போகும் என்று ஒரு பயம். பெற்றவர்கள் போய்ப் போய்ப் பார்ப்பார்கள்.

சாலம்மா சுவரோரம் கை காட்டினாள்.

"நல்லாப் பாரு. காலைல பீச்சி ஊத்துனது. பாலு ஊற ஆரம்பிச்சதுலருந்து ஒரு நாளும் எறும்பு அண்டல. எம்பாலு வத்தவே வத்தாது மாமா."

முகமெல்லாம் சிரிப்பு.

சுவரடியில் வெள்ளையாகக் காய்ந்த திட்டு. எறும்புச் சாரை ஒன்று சுவரோரமாக ஊர்ந்து வந்தது. திட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போனது.

உள்ளே குழந்தை சிணுங்கியது. பிறகு வீறிட்டது.

"வந்துட்டேன்டா சாமி, வந்துட்டேன்." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே போனாள்.

"சாலா," என்றான்.

மண் அப்பிய கையோடு எழுந்தான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"சாலா, இரு..."

உள்ளே அழுகை நின்றது.